மெர்கோங் வீட்டு உப்பு

காரில் காத்திருப்பது எனக்குப் பழகிய வேலை. செய்தித்தாளில் இருந்த காலத்தில் நீதிமன்ற வாசலிலும் போலீஸ் நிலைய வாசலிலும் அப்படிப் பல பகல்கள் போயிருக்கின்றன. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை மெர்கோங்கில் என்னால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. இறங்கினேன். கடை வரிசையின் ஓரமாக நடந்தேன். முடிதிருத்தும் கடையின் கண்ணாடியில் தலையைச் சரிசெய்வதுபோல் எதிர்ச் சாலையைப் பார்த்தேன். மீண்டும் ஏறி ஏர்கோனைப் போட்டேன், அணைத்தேன்.

குருண் ஊரிலிருந்து வந்த பெண் எதிர்ச் சாலையில் இருந்த வீட்டுக்குள் பத்து ஐந்துக்குப் போனார். வீடு பார்ப்பது வழக்கமாக எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். உள்ளே விடாமலே அனுப்பினால் இரண்டு நிமிடம். இப்போது பத்து நாற்பது.

அவர் போனது வாடகைக்கு வீடு எடுக்க அல்ல. இந்தியப் பெண் ஒருத்தி வந்து கேட்டால் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்த்து எழுதிக்கொண்டு வர. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு உண்மையாகவே வீடு வேண்டியிருந்தது. இருந்த வீட்டை முதலாளி விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் அவரும் இரண்டு பிள்ளைகளும் காலி செய்தாக வேண்டும். இது எனக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் தெரிந்தது.

வேலையை ஆரம்பித்தவர் அலோர் ஸ்டாரில் இருக்கும் ஒரு பெண் வக்கீல். வாடகை விளம்பரங்களில் இன்ன இனத்தவர் மட்டும் என்று வெளிப்படையாகவே போடுகிறார்கள். போடாதவர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறார்கள். அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் வேண்டும் என்று யாரிடமாவது போய்ப் பேசினால், 'அதெல்லாம் உங்கள் கற்பனை, வீடு ஏற்கெனவே போயிருக்கும்' என்பார்கள். கற்பனை இல்லை என்று காட்ட ஒரு வழி உண்டு. வயது, குடும்பம், வேலை, பேச்சு எல்லாம் ஒன்றாக இருக்கிற இரண்டு பேரை ஒரே வீட்டுக்கு ஒரு மணி நேர இடைவெளியில் அனுப்புவது. இனம் மட்டும் வேறு. ஒருவருக்குப் போய்விட்ட வீடு அடுத்தவருக்குக் காலியாக இருந்தால், அதற்குப் பிறகு கற்பனை என்று சொல்ல முடியாது.

வக்கீல் என்னைக் கூப்பிட்டது, அந்த இரண்டு பேரும் போய்ச் சொல்ல வேண்டிய கதையை எழுதவும் படிவங்களைச் சரிபார்க்கவும். யார் பெயரும் வெளியே வரக் கூடாது என்பது அன்றே பேசிக்கொண்டது. அதனால் இங்கேயும் பெயர்கள் இல்லை.

இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தோம். குருண்காரப் பெண் அங்கே ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். நாள் முழுவதும் பிளாஸ்டிக் பாகங்களை விளக்கின் அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கீறலைக் குறிப்பது அவர் வேலை. பார்த்ததை மட்டும் எழுதுகிற கை. மற்றவர் அலோர் ஸ்டாரில் வங்கி முகப்பிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்ற, தமிழ் பேசத் தெரிந்த சீனப் பெண்மணி. இருவருக்கும் ஒரே உயரம்கூட.

இருவருக்கும் ஒரு கணவரை நான் எழுதிக் கொடுத்தேன். தொழிற்சாலை மேற்பார்வையாளர்; குடிப்பதில்லை; வெளியூர் வேலைக்கு அடிக்கடி போவார், அதனால்தான் மனைவி தனியாக வீடு பார்க்க வந்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். நாய் இல்லை. முன்பணம் தயார். வங்கிக்கார அம்மாள் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் புருஷன் நல்லா இருக்கான். முதல்லயே நீ எழுதிக் குடுத்திருந்தா நான் என் ஆள கட்டியிருக்க மாட்டேன் லா."

குருண்காரப் பெண் சிரிக்கவில்லை. அவர் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த வரியை எழுதும்போது அது என் நினைவில் வரவில்லை.

விதிகள் ஒரு பக்க அளவுக்கு இருந்தன. வீட்டிலிருந்து வெளியே வந்த பத்து நிமிடத்துக்குள், காரிலேயே, படிவத்தை நிரப்ப வேண்டும். சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். 'முகம் சுளித்தார்' என்று எழுதக் கூடாது. 'கம்பிக் கதவைப் பாதி திறந்தார்' என்று எழுதலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. கடைசி விதி வக்கீல் சேர்த்தது: சோதிக்கப் போகிறவர் அந்தச் சமயத்தில் உண்மையில் வீடு தேடுகிறவராக இருக்கக் கூடாது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மெர்கோங்குக்கு முன் பத்து வீடுகள் பார்த்தாயிற்று. அலோர் ஸ்டாரில் ஒரு தரகர் குருண்காரப் பெண்ணின் குரலைக் கேட்டதும் முதல் கேள்வியாக "இண்டியா கா?" என்றார். ஆமாம் என்றதும் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்றார். இருபது நிமிடம் கழித்து வங்கிக்கார அம்மாள் கூப்பிட்டபோது எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று அதே தரகர் கேட்டார். இன்னொரு வீட்டில் கம்பிக் கதவு ஒருவருக்குத் திறக்கவே இல்லை, அடுத்தவருக்கு முழுவதும் திறந்தது. மூன்றாவது ஒன்றில் இருவரையும் உள்ளே விட்டார்கள். ஆனால் மசாலா வாசனை சுவரில் ஏறினால் யார் சுண்ணாம்பு அடிப்பது என்று ஒருவரிடம் மட்டும் கேட்டார்கள்.

குருணில் ஒரு வீட்டின் முதலாளி தமிழர். அங்கே நிரப்பிய படிவத்தில் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதற்கு மேலே இரண்டு வரி: 'எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். பிறகு போன் செய்வதாகச் சொன்னார்.' போன் வரவில்லை. வங்கிக்கார அம்மாளுக்கு அன்று மாலையே வந்துவிட்டது.

"அவரு என்னம்மா அப்படிக் கேட்டாரு?" என்றேன்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் கேக்கறதுதானே அண்ணே. நீங்க கேக்கலியா?"

கேட்டிருந்தேன். முதல் நாள், வக்கீல் அலுவலகத்தில், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். எந்தத் தோட்டம்மா? பிறந்த ரப்பர் தோட்டமும் அப்பாவின் வேலையும் தெரிந்தால் சாதியைக் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் போட்ட படிவத்தில் சீன வீட்டுக்காரர், மலாய் வீட்டுக்காரர், தரகர் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. தமிழ் வீட்டுக்காரர் என்று ஒரு கட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை. பேனாவால் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

இனி மெர்கோங்.

பத்து நாற்பத்து மூன்றுக்கு அவர் வெளியே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் வாழையிலையில் பொதிந்த பலகாரம். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியை, மலாய்க்காரர், அதே வரிசையில் கோடி வீட்டில் இருக்கிறார். இந்தப் பெண்ணை உட்காரவைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒவ்வோர் அறையாகக் காட்டி, எந்த சன்னல் மழைக்குச் சரியாக மூடாது என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

"சாமி கும்பிடறத பத்தி கேட்டாங்களா?"

"நானே சொன்னேன், விளக்கு ஏத்துவோம்னு. ஏத்திக்கோ, வீட்டையும் சேத்துக் கொளுத்திறாதன்னாங்க." அவர் சிரித்தார். "இந்த வீட்ல ஒண்ணும் இல்லண்ணே. நல்லவங்க."

"நல்லவங்கன்னு எழுதாத."

"தெரியும்லா."

படிவத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'கதவு முழுவதும் திறந்தது. எல்லா அறையும் காட்டினார். எப்போது வருகிறாய் என்று கேட்டார். தேநீர்.' மற்றப் படிவங்களில் பலவற்றை அவர் இரு பக்கம் நிறைய எழுதியிருந்தார். இதில் நான்கு வரி. எனக்கு அது உறுத்தியது. எதனால் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. அவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

பதினொன்றரைக்கு வங்கிக்கார அம்மாள் போனார். அவருக்கும் தேநீர், அவருக்கும் பலகாரம், அதே சன்னல். கோப்பிக் கடையில் அவர் நீட்டிய படிவத்தை வாசித்துக்கொண்டே வந்தேன். சமையலறை என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'கழுவுதொட்டிக்கு மேல் தட்டில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே உப்பு, ஒரு மஞ்சள் கிழங்கு. வீட்டுக்காரருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. காலையில் இல்லை என்றார். தொடவில்லை. ஒரு கிண்ணத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்து வைத்தார்.'

"என்னா அது?" என்றார் அம்மாள். "அந்த டீச்சர் முகமே மாறிப் போச்சு. யாரோ ஏதோ வெச்சுட்டுப் போயிருக்காங்கன்னு நெனைக்கிறாங்க. செய்வினை மாதிரி."

கோப்பியைத் தள்ளி வைத்தேன். எனக்கு அது என்னவென்று தெரியும். தமிழ் வீடுகளில் புதிதாகக் குடிபோகிறவர்கள் எல்லாச் சாமானுக்கும் முன்பாக உள்ளே கொண்டுபோவது அதைத்தான். கட்டிலும் பாத்திரமும் லாரியில் நிற்கும். உப்பும் மஞ்சளும் கையில் போகும். சோதனைக்குப் போனவர் அதை வைக்க மாட்டார். அந்த வீட்டில் இருக்கப் போகிறவர்தான் வைப்பார்.

குருண்காரப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டேன், அவர் எடுக்கவில்லை. காத்திருக்க முடியவில்லை. நெடுஞ்சாலையில் குருணுக்கு ஓட்டினேன். அன்று அவருக்கு மதிய வேலை என்று தெரியும். ஆலைக்கு எதிரே, வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடும் ஒரு கொட்டகையில், சீருடையோடு உட்கார்ந்து மீகோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பாத்துட்டீங்களா?"

"நான் பாக்கல. அந்த அம்மா பாத்து எழுதிட்டாங்க."

"சிங்குக்கு மேல யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன்."

"வீடு எப்ப காலி பண்ணணும்?"

"மாசக் கடைசி." தட்டைத் தள்ளினார். "மொதல்லயே சொல்லியிருந்தா என்னைய சேத்திருக்க மாட்டீங்க. கையெழுத்து போடும்போதே தெரியும்ணே."

"பெறகு ஏன் போட்ட?"

"எனக்குன்னு நான் போன் பண்ணா ஒருத்தனும் கதவே தொறக்க மாட்றான். உங்களுக்காகப் போனா புருஷன் இருக்கான், டெப்போசிட் இருக்கு, போட்டுக்க நல்ல சட்டை இருக்கு. வீட்டயாவது உள்ள போய்ப் பாக்கலாம்ல. அந்தப் பொட்டலம் ஹேண்ட்பேக்லயே கெடந்துச்சு. எல்லா வீட்டுக்கும் எடுத்துட்டுத்தான் போனேன். அங்க மட்டும்தான் வெச்சேன்."

ஆலையின் சங்கு ஊதியது. அவர் எழுந்தார்.

"எழுதினது எதுவும் பொய் இல்லண்ணே. அத மட்டும் வக்கீல்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் ஞாயிறு. வக்கீல் கத்தோலிக்கர், பூசை முடிந்து வெளியே வரும்வரை தேவாலயத்தின் மதிலோரமாக நடந்துகொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கார் கதவில் சாய்ந்து நின்றார்.

"பதினொண்ணும் போச்சு."

"அவர் எழுதினது எல்லாம் உண்மை."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். நாளைக்கு ஒருத்தன் கேப்பான், இந்தப் பொண்ணு வீடு கெடைக்காத கோவத்துல எழுதினாளான்னு. நான் என்ன சொல்ல?" கைப்பையைத் திறந்து மூடினார். "அந்த மெர்கோங் வீடு அவளுக்கு வேணும்னா போய் எடுத்துக்கட்டும், நான் தடுக்கல. ஆனா நம்ம கதைய சொல்லிட்டு எடுக்கணும். பொய்யான புருஷன வெச்சுக்கிட்டு அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட விட முடியாது."

அது சரியாகத்தான் பட்டது. அப்படியே குருண்காரப் பெண்ணிடம் சொன்னேன். நானும் உடன் வருகிறேன் என்றேன். வேண்டாம், தனியாகப் போனால்தான் மரியாதை என்றார். மாலை நான்கு மணிக்குப் பேருந்தில் வந்து தனியாகவே போனார். ஐந்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"சொல்லிட்டேன். எல்லாத்தையும். அந்த உப்பு என்னோடதுன்னும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சயா தா கிசா இண்டியா. சயா கிசா போஹோங்." அவர் ஆசிரியையின் குரலை அப்படியே பிடித்துச் சொன்னார், சொன்னதைச் சொன்ன மொழியில். இந்தியர் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, பொய்யைப் பற்றித்தான் கவலை என்று. "அவ்வளவுதாண்ணே. கத்தல. வாசல் வரைக்கும் கூட வந்தாங்க."

மறுமுனையில் பேருந்து ஒன்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

"இத படிவத்துல எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றார்.

திங்கள் காலை நான் போனேன். ஆசிரியை வீட்டு முன்கூரையின் கீழ் பூந்தொட்டிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். எனக்குத் தேநீர் வரவில்லை. ஒரு குவளை தண்ணீர் வந்தது. நாங்கள் பேசியது மலாயில். அன்றே எழுதிவைத்த குறிப்பிலிருந்து தமிழில் தருகிறேன்.

அந்தக் கணவரை எழுதியது நான் என்று சொன்னேன்.

"சீனப் பெண்ணுக்கும் அதே கணவர்தானா?"

"அதே கணவர்."

"அதே வேலை?"

"அதே வேலை."

"குடிக்காதவர்."

"ஆமாம்."

"இரண்டு பேருக்கும் நான் தேநீர் போட்டேன்." அவர் கைகளில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "சரி. எனக்கு எத்தனை மார்க்?"

"வேறுபாடு எதுவும் இல்லை என்று பதிவாகியிருக்கிறது."

"இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பரீட்சை என்று சொல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் நான் பரீட்சை வைத்ததில்லை."

"சொல்லிவிட்டு வந்தால் எல்லோரும் பாஸ் ஆகிவிடுவார்கள்."

"ஆகட்டுமே. ஒரு நாளாவது ஆகட்டும்."

  அந்தப் பெண்ணுக்கு மாதக் கடைசிவரைதான் நாள் இருக்கிறது, தவறு என்னுடையது, அவரைத் தண்டிக்க வேண்டாம் என்று சொன்னேன். செய்தியாளனாக இருந்தபோது எத்தனையோ பேர் என்னிடம் இதே குரலில் பேசியிருக்கிறார்கள். செய்தி வேண்டாம், பெயர் வேண்டாம் என்று. நான் எழுதாமல் விட்டது கிடையாது.

"அவள் முதல் நாளே வந்து, எனக்குக் கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள், வீடு வேண்டும் என்று கேட்டிருந்தால்..." என்று ஆசிரியை ஆரம்பித்து நிறுத்தினார்.

"கொடுத்திருப்பீர்களா?"

அவர் ஒரு தொட்டியைத் திருப்பி வைத்தார். தெருவில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"தெரியாது," என்றார். "தனியாக இருக்கிற பெண் என்றால் யோசித்திருப்பேனோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் என்னை விடவில்லை."

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு என்னை அந்தக் காலி வீட்டுக்குக் கூட்டிப்போனார். பேராக்கில் இருக்கும் மகள் தொலைபேசியில் பயமுறுத்திவிட்டாளாம்: தொடாதே, ஆளைக் கூப்பிட்டு ஓதச் சொல், யார் என்ன வைத்திருக்கிறார்களோ. சமையலறையில் நீல நிறக் கிண்ணம் கவிழ்ந்தபடியே இருந்தது. நான் அதைத் தூக்கினேன். சாதாரணக் கல்லுப்பு, கட்டைவிரல் அளவு மஞ்சள், ரப்பர் வளையம் போட்ட பொட்டலம். எதற்காக வைப்பது என்று விளக்கினேன். அவர் தள்ளி நின்று கேட்டார்.

"அப்படியானால் என்னிடம் கேட்பதற்கு முன்பே அவள் குடிவந்துவிட்டாள்."

"அப்படிச் சொல்லலாம்."

"தப்பில்லை," என்றார். சன்னலை இழுத்துச் சாத்தியபடி, "ஆனால் வீடு இனி இல்லை. என் தம்பிக்குத் தெரிந்த ஒருவருக்கு நேற்று இரவே வாக்குக் கொடுத்துவிட்டேன். இதை அவளிடமே கொடுத்துவிடுங்கள்."

பொட்டலத்தைக் காரின் முன்பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த நாட்களில் நான் வீட்டில் தங்கவில்லை. குருண், அலோர் ஸ்டார், நடுவில் இருக்கிற சின்ன ஊர்கள் என்று அலைந்தேன். தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டேன். காலி வீடு என்று பலகை தொங்கும் இடங்களில் எல்லாம் நிறுத்தி எண்ணைக் குறித்தேன். என் குரலுக்கும் அதே கேள்விதான் வந்தது. ஒருவர் நான் வாயைத் திறந்து நான்கு சொல் பேசுவதற்குள் வைத்துவிட்டார். பழக்கதோஷம், நேரத்தைக் குறித்துக்கொண்டேன். குறித்து என்ன செய்வது என்று தெரியவில்லை. வீடு ஒன்று இருக்கிறது என்று சொல்ல குருண்காரப் பெண்ணைக் கூப்பிட எனக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அவரே கூப்பிட்டார்.

"வீடு கெடைச்சிருச்சு. குருண்லயே. வெள்ளிக்கெழம காலையில பால் காய்ச்சறேன், வாங்க."

"யாரு வீடு?"

"நம்ம ஆளுதான்."

வெள்ளிக்கிழமை போனேன். மூலை வீடு, சிமெண்டுத் தரை, முன்பக்கம் ஒரு வேப்பங்கன்று. லாரி இன்னும் வரவில்லை. பிள்ளைகள் இருவரும் காலி அறையில் குரல் எதிரொலிக்கிறதா என்று கத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் பொங்கியது. வீட்டுக்காரர் வந்து ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, நல்ல வார்த்தை பேசுகிறவர்.

"ஒங்க தங்கச்சிங்களா?" என்று என்னிடம் கேட்டார். "தெரிஞ்ச குடும்பமா பாத்துத்தான் குடுப்பேன் நானு. இந்தப் பொண்ணோட அப்பா தோட்டத்து ஸ்டோர்ல கணக்கு எழுதற கெராணிக்குக் கையாளா இருந்தவராமே. அப்படிப்பட்ட ஆளுங்க வீடு வெச்சிருக்கறதே தனி."

நான் குருண்காரப் பெண்ணைப் பார்த்தேன். அவர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா தோட்டத்தில் சாக்கடை வாரியவர். அவர்கள் குடியிருந்த லயமே தனியாக, கடைசியில், இருந்தது. முதல் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு நான் கேட்டபோது அவரே என்னிடம் சொன்னது.

வீட்டுக்காரர் போன பிறகு பின்வாசலில் நின்றோம்.

"நீங்க புருஷன எழுதிக் குடுத்தீங்க. நான் அப்பாவ எழுதிக்கிட்டேன்." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "தோட்டத்தையும் மாத்திட்டேன். அந்தத் தோட்டத்து ஆளு எவனாச்சும் இந்தப் பக்கம் வந்து பேச்சுக் குடுக்காம இருக்கணும். அது ஒண்ணுதான் சூசா, கவல."

"வந்தா?"

"வந்தா இன்னொரு வீடு பாக்கணும். பாத்து பழகிருச்சுலா."

வக்கீலின் கோப்பு பிறகு வேறொரு பெண்ணை வைத்துப் புதிதாகத் தொடங்கியது. இவர் எழுதிய பதினொரு படிவங்கள் அதில் இல்லை. அந்த மூலை வீடும் இல்லை. அதை எழுதினால் அந்தக் குடும்பம் தெருவுக்கு வரும். புதிய படிவத்தில் தமிழ் வீட்டுக்காரர் என்ற கட்டத்தையும், 'எந்தத் தோட்டம் என்று கேட்டாரா' என்ற கேள்வியையும் நான் சேர்த்தேன். சோதிக்கப் போகிறவருக்குக் கொடுக்கும் கதையிலிருந்து 'கணவர்' என்ற வரியை எடுக்கச் சொன்னேன். வக்கீல் எடுக்கவில்லை. எடுத்தால் எதைச் சோதிக்கிறோம் என்பது குழம்பிவிடும் என்றார். அதுவும் சரிதான்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது குருண்காரப் பெண் கார்வரை வந்தார்.

"டீச்சர் வீட்ல வெச்ச அந்த உப்பு என்னாச்சு?"

முன்பெட்டியைத் திறந்து காட்டினேன். ஈரம் கோத்து உப்பு கெட்டியாகியிருந்தது. எடுத்துக்கொள்வார் என்று நினைத்துக் கையில் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்க கொண்டு வராதீங்கண்ணே. அது வேற வீட்டுக்கு வெச்சது. ஓடற தண்ணியில கரைச்சு விட்டுருங்க."

வழியில் வயல்களுக்கு நீர் போகும் வாய்க்கால் ஓரம் நிறுத்தினேன். மதகுக்குப் பக்கத்தில் இறங்கிப் பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீருக்குள் பிடித்தேன். கட்டியாக இருந்ததால் கரைய நேரமெடுத்தது. பாதி கரைந்துகொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. நான் கேட்டுவைத்திருந்த ஒருவர், அலோர் ஸ்டார் பக்கத்தில் ஒரு வீடு காலியாகிறதாம். யாருக்கு வேண்டும், என்ன ஆட்கள் என்று கேட்டார். ஈரக் கையோடு, இப்போதைக்கு யாருக்கும் வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.